கைப்பிடிக்குக் காசு மிஞ்சுவதில்லை

பாலாவிச் சந்தியில் திரும்பிக் கல்பிட்டிப் பக்கம் போகிற பாதையில், மாடி வைத்த வீடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? பல வீடுகளில் படிக்கட்டு இருக்கும். பூச்சு முடிந்திருக்கும், சிலதில் டைல்ஸ்கூடப் பதித்திருப்பார்கள். கைப்பிடி மட்டும் இருக்காது. அடுத்த மாடிக்கென்று விட்ட கம்பிகள் மொட்டைமாடியில் துருவேறி நிற்கும். காசு வந்தால் வீடு இன்னும் மேலே போகும். படிக்குப் பக்கத்தில் ஒரு கம்பி வராது.

வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், செலவுக்கென்று ஒரு வரிசை உண்டு. அத்திவாரம், சுவர், தட்டு, நிலை, கதவு, வயரிங், பூச்சு, பெயின்ட். கடனும் நகையும் தீர்ந்துபோன இடத்தில்தான் கைப்பிடியின் முறை வரும். அது இல்லாமலும் ஏறி இறங்கலாம் அல்லவா? கட்டுகிறவர் நாற்பது வயதுக்காரர், அவருக்கு அது வேண்டியதில்லை. வேண்டிய வயது வருகிறபோது காசு பேரப்பிள்ளைகளின் டியூஷனுக்குப் போய்க்கொண்டிருக்கும். உலகத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தற்செயலான காயங்களால் வரும் சாவுகளில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் விழுவதற்குத்தான். அதில் 80 வீதத்துக்கும் மேல் எங்களைப் போன்ற, வருமானம் குறைந்த அல்லது நடுத்தரமான நாடுகளில். அதிகம் போகிறவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள்.

எங்கள் ஆலங்குடா வீட்டிலும் படி பல வருஷம் வெறுமனேதான் கிடந்தது. அதற்குக் காசு மட்டும் காரணமில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம், மன்னார்க்காரர்களுக்குச் சில நாள். மொத்தம் ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்க் கரையிலிருந்து பலர் வள்ளமேறிக் கல்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். வாப்பாவும் உம்மாவும் மன்னாரின் முசலிப் பக்கத்திலிருந்து அப்படி வந்தவர்கள்தான். கிடுகுக் குடிசைகளில் குந்தியபோது எல்லாரும் நினைத்தது ஒரு வருஷம், மிஞ்சிப்போனால் இரண்டு. அதனால் யாரும் எதையும் பலமாகச் செய்யவில்லை. கிடுகு உக்கினால் புதுக் கிடுகு வேய்ந்தார்கள். பிறகு தகரம், பிறகு சீமெந்துக் கல். ஒவ்வொன்றும் தற்காலிகம் என்று சொல்லிக்கொண்டேதான் ஏறியது. முற்றத்தில் பலா வைக்கலாமா என்று கேட்டால் உம்மா சொல்லுவா: “என்னத்துக்கு மகன்? ஊருக்குப் போறதுதானே.” தண்ணீர்த் தாங்கியைப் பெரிதாக்கலாமா என்றாலும் அதே பதில். தென்னைக்கு மட்டும் விதிவிலக்கு. தென்னை வைக்காமல் புத்தளத்தில் எப்படி இருப்பது?

2007இல் உலக வங்கிக் கடனில் புத்தளம் வீடமைப்புத் திட்டம் வந்தது. வேலை ஏற ஏறத் தவணையாகக் காசு தருவார்கள், வீட்டுக்காரரே நின்று கட்டிக்கொள்ள வேண்டும். படித்தவர்கள் இதைப் பெரிய புதுமையாகப் பேசினார்கள். முகாமில் பதினேழு வருஷம் தன் கையால் கூரை வேய்ந்தவருக்கு அதில் என்ன புதுமை? வார இறுதியில் தச்சுவேலை பார்ப்பது வசதியுள்ள நாடுகளில் ஒரு பொழுதுபோக்கு, அதற்கென்றே பெரிய கடைகள் இருக்கின்றன. இங்கே தன் கையால் செய்வது ஆள்பிடிக்கக் காசில்லாதவரின் வேலை. ஆகவே சொந்தக் கையால் செய்வதன் மகிமை பற்றி எழுத எனக்கு மனம் வராது. நல்ல வெல்டிங் பாஸ் ஒருவர் கிடைத்தால் அவரிடம் கொடுப்பதுதான் புத்தி.

எங்கள் படிக்கு முதல் கைப்பிடி வந்தது தங்கச்சியின் கல்யாணத்துக்கு. எங்களில் வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. மாப்பிள்ளை அங்கே வந்துதான் குடியிருப்பார். மாடியில் அறை எழுந்ததே அதற்காகத்தான். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவதற்கு முன்னம் பளபளவென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், படியின் திறந்த பக்கத்தில், படுக்கைவசமாக நான்கு கோடு. வந்தவர்கள் பாராட்டினார்கள். நானும்தான் பாராட்டினேன், அழகாகத்தான் இருந்தது. தங்கச்சியின் மூத்தவன் நடக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த நான்கு கோடும் பிள்ளை ஏறுவதற்கென்றே செய்த ஏணி என்று தெரிந்தது.

இந்தக் கரையில் உலோகத்துக்கு ஆயுள் குறைவு. மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை சோழகம் ஓயாது. அந்தக் காற்றை நம்பித்தான் கல்பிட்டிக்கு வெளிநாட்டுக்காரர்கள் பட்டம் பிடித்து அலையில் சறுக்க வருகிறார்கள், மாம்புரிப் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன, பாலாவியில் வெயிலோடு சேர்ந்து அதுவே உப்பை விளைவிக்கிறது. விளைந்ததில் ஒரு பங்கு வீட்டுக்கும் வரும். காலையில் படிக் கம்பியைத் தடவி விரலை நக்கினால் கரிக்கும். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். எனவே மழையே இல்லாத மாதத்திலும் இரவு முழுக்க இரும்பு நனைந்தபடிதான் நிற்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் துருவிலிருந்து காப்பது மேலே படர்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத குரோமியப் படலம். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத்தான் துளைக்கும். கடைகளில் 304 என்று விற்பதில் குரோமியம் 18 வீதமளவு, நிக்கல் 8 வீதமளவு. கடலோரத்துக்கு வேண்டியது 316, அதில் மொலிப்டினம் இரண்டு வீதமளவு சேர்ந்திருக்கும். விலையும் சேர்ந்திருக்கும். நிக்கலைக் குறைத்து மங்கனீசு போட்ட மலிவுச் சாமானும் அதே பளபளப்போடு வரும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அந்த மலிவுச் சாமானிலும் காந்தம் ஒட்டாது.

எங்கள் குழாயில் முதலில் வெல்டிங் பிடித்த இடங்களில் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பு வந்தது. பிறகு கால்கள். படியின் கொங்கிரீட்டுக்குள் கால்களை இறக்கிச் சீமெந்தால் மூடியிருந்தார்கள், உள்ளே நிறுத்தியிருந்தது சாதாரண இரும்புக் கம்பி. இரும்பு துருவானால் பழைய இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கும். கொடுக்காவிட்டால் உடைத்து எடுத்துக்கொள்ளும். மூன்று படிகளில் விளிம்பு பிளந்து கையோடு வந்தது. கல்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கோட்டை, இதே காற்றில், இன்றும் நிற்கிறது. அது முருகைக்கல்லும் சுண்ணாம்பும். கல்லுக்குள் துருப்பிடிக்க இரும்பு கிடையாது.

கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்வதென்று முடிவானபோது வெல்டிங் பாஸைத்தான் முதலில் கூப்பிட்டோம். அவர் போனை எடுத்துப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். எந்த டிசைன் வேண்டும் என்று கேட்டார். படியில் யார் ஏறுகிறார்கள் என்று கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, கல்யாணத்துக்குச் செய்தபோது எங்களுக்கும் அந்தக் கேள்வி வரவில்லை.

யார் ஏறுகிறார்கள் என்பது சுவரில் எழுதியிருந்தது. உம்மா கீழ்அறையில்தான் படுப்பா. ஆனால் உடுப்புக் காயப்போடவும் கருவாடு, மிளகாய் உலர்த்தவும் மொட்டைமாடிக்குத்தான் போவா. முற்றத்தில் காயப்போட்டால் காற்று மணலை அள்ளிப் போட்டுவிடும். ஏறும்போதும் இறங்கும்போதும் அவ கை வைத்தது அந்த ஸ்டீல் குழாயில் அல்ல. எதிர்ப் பக்கம், சுவரில். மஞ்சள் பெயின்டில் கீழிருந்து மேல்வரை ஒரு நீளமான அழுக்குக் கோடு, எண்ணெய்யும் மஞ்சளும் வியர்வையும் சேர்ந்து கறுத்த தடம். நடுவில் ஓரிடத்தில் கோடு அகன்று உள்ளங்கை அளவாகிறது. அங்கே நின்று மூச்சு வாங்குவா போல. படி விளிம்பிலிருந்து அந்தத் தடத்துக்கு டேப் பிடித்தேன். முப்பத்தொரு அங்குலம். பிரித்தானியக் கட்டட விதிகளில் கைப்பிடியின் உயரம் 900 முதல் 1,000 மில்லிமீற்றர், அதாவது குறைந்தது முப்பத்தைந்து அங்குலம். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சுவா ப்ளோண்டெல் என்ற பிரெஞ்சுக்காரர் படியின் உயரத்தையும் அகலத்தையும் மனிதர் நடக்கும் எட்டை வைத்து வகுத்தார். அதைத்தான் இன்றும் எல்லாரும் கொஞ்சம் மாற்றிப் பாவிக்கிறார்கள். அந்த எட்டு யாருடைய எட்டு என்று கேட்டால் நிச்சயம் கூன் விழுந்த ஒரு முசலிக் கிழவியுடையதாக இராது.

பளபளத்த கைப்பிடி விருந்தாளிகளின் கண்ணுக்கு நேராக நின்றது. தேவைப்பட்ட கை இத்தனை காலமும் வெறுஞ்சுவரைத் தடவிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டை நாங்கள் எல்லாரும் தினம் பார்த்தோம். பெயின்ட் அடிக்க வேண்டும் என்றுதான் பேசிக்கொண்டோம்.

ஆகவே வேலை இரண்டாகப் பிரிந்தது. திறந்த பக்கத்துக்கு நிமிர்ந்த கம்பிகள், இடைவெளி நான்கு அங்குலத்துக்கு உள்ளே, பிள்ளையின் தலை போகாத அளவு. கால்களைப் படிக்குள் இறக்காமல் படியின் பக்கவாட்டில் தகடு வைத்துப் போல்ட் போட்டோம். தண்ணீர் தங்காது, கெட்டால் கழற்றலாம். போல்டுகளை வள்ளச் சாமான் விற்கிற கடையில் வாங்கச் சொன்னது மச்சான். கடலில் இறங்குகிற ஆட்கள் எந்த ஸ்டீல் நிற்கும் என்பதில் ஏமாறமாட்டார்கள்.

சுவர்ப் பக்கத்துக்கு மரம். பழைய வீடு உடைத்த சாமான் விற்கிற இடத்தில் தேக்குச் சட்டம் கிடைத்தது. சதுரச் சட்டத்தை உருட்டிக்கொண்டு வருவதுதான் நீண்ட வேலை. முதலில் நான்கு மூலையையும் சீவி எட்டு முகமாக்க வேண்டும், பிறகு எட்டைப் பதினாறாக்கி, கடைசியில் சாண்ட்பேப்பர். இரண்டு அங்குலக் கனத்தில் நிறுத்தி உம்மாவைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். பெருவிரல் மூட்டு வீங்கிய கை, விரல்கள் பாதியில் நின்றுவிட்டன. பிடித்தது போலத் தெரிந்தாலும் உண்மையில் மேலே வைத்திருந்தா, அவ்வளவுதான். இன்னும் சீவினேன். ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் கீழே வந்தபோது பெருவிரல் நுனி நடுவிரலைத் தொட்டது. 32 முதல் 50 மில்லிமீற்றர் வரை என்று விதிகள் சொல்கின்றன. அந்தப் பதினெட்டு மில்லிமீற்றருக்குள் பிடிக்கிற கையும் இருக்கிறது, வெறுமனே வைக்கிற கையும் இருக்கிறது.

தாங்கிகளைக் கீழிருந்து கொடுத்தோம், கை தடைப்படாமல் வழுக்கிக்கொண்டு போக. சுவர் உள்ளே பொந்துள்ள கல், பிளக் அடித்தால் சும்மா சுழன்றது. சுவரை ஊடறுத்துத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து இறுக்கினோம். தங்கச்சியின் அறைச் சுவரில் இப்போது வரிசையாகப் போல்ட் தலைகள் தெரிகின்றன. அவளுக்கு அதில் வருத்தம்தான், நியாயமான வருத்தம். கடைசிப் படி முடிந்த பிறகும் கைப்பிடி ஓர் அடி நீளமாகப் போக வேண்டும் என்று நான் நின்றேன். மச்சான் சிரித்தார்: “இது தரையில நடக்கிறவங்களுக்கா?” படி முடிந்துவிட்டதென்று கண் சொல்வதை வயதானவர்களின் கால் உடனே நம்புவதில்லை. தரையைத் தொட்டு ஒரு எட்டு வைத்த பிறகுதான் கை விட வேண்டும்.

2009க்குப் பிறகு நான் முசலிப் பக்கம் திரும்பிப் போய்விட்டேன். அங்கே எங்கள் காணி காடாகிக் கிடந்தது, வெட்டித் துப்புரவாக்கி இரண்டு அறை போட்டேன். வாப்பா அதைப் பார்க்கவில்லை. உம்மாவின் வாக்கு அங்கே, படுக்கை இங்கே. அனுராதபுரம் சுற்றி வருவா, ஒரு மாதம் இருப்பா, பேரப்பிள்ளைகள் தேடுகிறார்கள் என்று திரும்பிவிடுவா. 2019 ஜனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன பஸ்களைத் தந்திரிமலைப் பக்கம் மறித்துச் சுட்டார்கள். யாருக்கும் காயமில்லை. அதன் பிறகும் வாக்கை இங்கே மாற்றச் சம்மதிக்கவில்லை. மாற்றினால் எதை விட்டுக்கொடுத்ததாகும் என்று அவவுக்குத் தெரியும். திரும்பிப் போனால்தான் நீதி என்று நான் ஒருகாலம் மேடையிலெல்லாம் பேசியிருக்கிறேன். இப்போதும் அதை மறுக்கவில்லை. ஆனால் போகிற நாள் வரைக்கும் ஒருவர் படியில் ஏறி இறங்கத்தானே வேண்டும்? ஊருக்குப் போகிறவர்கள் கூரையைத் தற்காலிகமாக வைக்கலாம், மரம் வைக்காமல் விடலாம். முழங்காலைத் தற்காலிகமாக வைத்திருக்க முடியவில்லை. முப்பது வருஷத்துக்கும் மேல் இந்த மணலில் நடந்துதான் அது தேய்ந்திருக்கிறது.

பொருத்தி முடித்து எண்ணெய் பூசிக் காய்ந்ததும் உம்மாவைக் கூப்பிட்டேன். வழக்கமான பதில் வருமென்று காத்திருந்தேன். அவ இரண்டு படி ஏறி, நின்று, சொன்னது வேறு: “இன்னும் ஒரு விரக்கட கீழ இறக்க ஏலாதா மகன்?” இறக்கினோம். அதற்காகச் சுவரில் மறுபடியும் துளை போட வேண்டியிருந்தது. தங்கச்சி அறையில் பழைய துளைகளுக்கு இன்னும் பூச்சு வைக்கவில்லை.

இனி ஒவ்வொரு வருஷமும் சோழகம் முடிந்ததும் உப்பை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், போல்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி கிரீஸ் வைத்து இறுக்க வேண்டும், மரத்துக்கு எண்ணெய் காட்ட வேண்டும். வீடு உன் பெண்சாதி பெயரில் இருக்கிறது, நீதான் பார்க்க வேண்டும் என்கிறேன் நான். வெங்காயத் தோட்டத்துக்கு ஸ்பிரிங்ளர் மாற்றவே எனக்கு நேரமில்லை, செய்தவர் நீங்கள், நீங்கள் வந்து பாருங்கள் என்கிறார் மச்சான். ஒக்டோபரில் பள்ளிக்கூட லீவு கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். சனி ஞாயிறு பஸ் ஓடுகிறதே என்கிறார்.