மூன்றாவது ஊசியும் பன்னிரண்டு கட்டில்களும்

கிராஞ்சி நிலையத்தில் ரயிலேறி நியூட்டனில் மாறினால் அடுத்த நிறுத்தமே லிட்டில் இந்தியா. ஞாயிற்றுக்கிழமை அங்குள்ள தேக்காவுக்குப் போய், ஊருக்குப் பணம் அனுப்பி, வாழையிலையில் ஒரு சாப்பாடு சாப்பிட்டு, சிராங்கூன் சாலையில் ஊர்க்காரர்கள் நாலு பேரைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். 2020 ஏப்ரலில், கோவிட் பரவியபோது, கிராஞ்சி வட்டாரத்து விடுதிகளில் இருந்த ஊழியர்களுக்கு இந்தப் பயணம் நின்றுபோனது. வேலையிடம், விடுதி, பிறகு அனுமதி கிடைத்த நாளில் பொழுதுபோக்கு நிலையம்: அவர்களுடைய சிங்கப்பூர் இவ்வளவாகச் சுருங்கியது. மற்றவர்களுக்குக் கட்டுப்பாடுகள் இறுகின, தளர்ந்தன, மறுபடி இறுகின. விடுதிவாசிகள் விருப்பம்போல் வெளியே போய்வர 2022 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டு கோவிட் ஊசி போட்டுக்கொண்டவருக்கு 'பூஸ்டர்' எனப்படும் மூன்றாவதும் வேண்டுமா என்று உலகமே வாதாடிய காலம் இதற்குள்தான் அடங்குகிறது. ஆய்வகத்தில் இருப்பவர்கள் அந்தக் கேள்விக்கு ரத்தத்தில் உள்ள எதிர்ப்பாற்றலை அளந்து பதில் சொல்ல முடியும். அறம் பேச வருபவர்கள் ஊசி ஏறும் கைக்குரியவர் எந்த அறையில் தூங்குகிறார், யார் அனுமதியில் வெளியே போகிறார் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

2021 செப்டம்பர் மாதத்து ஒரே வாரத்தைப் பார்த்தால் போதும். 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தமிழ்நாட்டில் முதலாவது மாபெரும் தடுப்பூசி முகாம் நடந்தது. அந்த ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் போடப்பட்டன. முதல் ஊசியே போடாதவர்களைத் தேடித் தேடி அழைத்துவந்த நேரம் அது. மறுநாள் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. பொதுமக்கள் எல்லோருக்கும் பூஸ்டர் போட அப்போதிருந்த சான்றுகள் போதாது, கடும் நோயிலிருந்து இரண்டு ஊசிகள் தரும் காப்பு இன்னும் வலுவாகவே இருக்கிறது என்பது அதன் சாரம். எழுதியவர்களில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் மூத்த அதிகாரிகள் இருவர் இருந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அன்றைய தலைமை விஞ்ஞானி, சென்னையைச் சேர்ந்த சௌம்யா சுவாமிநாதனும் இருந்தார். 17ஆம் தேதி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு, 16 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் பூஸ்டர் என்ற யோசனையை 16க்கு 2 என்ற வாக்கில் தள்ளியது. 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஒருமனதாகச் சரி என்றது.

அதே வாரத்தில்தான் சிங்கப்பூர் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்றாவது ஊசி போடத் தொடங்கியது. தடுப்பூசி போட்ட விடுதி ஊழியர்களில் வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங் சிராய்க்கும் சில மணி நேரம் போய்வரலாம் என்ற சோதனைத் திட்டமும் அதே வாரத்தில்தான் தொடங்கியது. ஐந்நூறு பேர். விடுதிகளில் இருந்தவர்கள் லட்சக்கணக்கில்.

முதியவர்களைப் பொறுத்தவரை இதில் பெரிய அறச்சிக்கல் இல்லை. வயதானவர்களின் உடலில் காப்பு சீக்கிரம் தேய்கிறது, டெல்டா வகைக் கிருமி அவர்களைத்தான் தேடிப்பிடித்துக் கொன்றது. உலகச் சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் அந்த ஆகஸ்டில் பூஸ்டரைச் சிறிது காலம் நிறுத்திவைக்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பணக்கார நாடுகளில் நூறு பேருக்குச் சுமார் நூறு ஊசி போடப்பட்டிருந்தபோது, ஏழை நாடுகளில் நூறு பேருக்கு ஒன்றரைதான். அந்தக் கணக்கு யாரையும் வெட்கப்பட வைக்கும். ஆனாலும் தோ பாயோவில் இருக்கும் ஒரு பாட்டிக்கு மறுக்கப்படும் ஊசி, தானாக ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடாது. மருந்து பங்கிடப்பட்டது கொள்முதல் ஒப்பந்தங்களில். அநீதி நடந்த இடமும் அதுவே. நாடுகளுக்குத் தடுப்பூசி பங்கிட்ட கோவேக்ஸ் திட்டத்தில் சிங்கப்பூர் தனக்கிருந்த பங்கை மற்ற நாடுகளுக்கு விட்டுக்கொடுத்தது சரியான காரியம். பாட்டிக்கு ஊசி போட்டதும் சரியான காரியம்.

சிக்கல் இளைஞர்களிடம் வரும்போதுதான் தொடங்குகிறது. சிங்கப்பூரில் 2021 டிசம்பர் 14 முதல் 18 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் பூஸ்டர் என்றானது. ஒமிக்ரான் வந்துகொண்டிருந்தது, தொற்றைத் தடுப்பதில் இரண்டு ஊசிகள் தடுமாறின. முடிவுக்கு நியாயம் இருந்தது. அடுத்து 2022 பிப்ரவரி 14 முதல், இரண்டாம் ஊசி போட்டு 270 நாள் கடந்தும் பூஸ்டர் போடாதவர் 'தடுப்பூசி போட்டவர்' என்ற கணக்கிலிருந்து விலக்கப்பட்டார். கடைத்தொகுதியும் உணவகமும் அந்தக் கணக்கைப் பார்த்தே ஆளை உள்ளே விட்டன. விடுதி ஊழியர்கள் தேக்காவுக்குப் போய்வரும் திட்டமும் தடுப்பூசி போட்டவர்களுக்கென்றே வகுக்கப்பட்டது.

இங்கே ஒரு பழைய எண்ணை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2020 டிசம்பரில் அரசே வெளியிட்ட கணக்குப்படி, விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 ஊழியர்களில் 1,52,000 பேருக்கு, அதாவது 47 விழுக்காட்டினருக்கு, ஏற்கெனவே கிருமி தொற்றியிருந்தது. நோயிலிருந்து மீண்டவர்கள், அதன்மேல் ஊசியும் போட்டுக்கொண்டவர்கள், பெரும்பாலும் இளவயதினர். தடுப்பூசி விகிதத்திலும் அவர்கள் பின்தங்கியிருக்கவில்லை. மூன்றாவது ஊசியால் மிகக் குறைந்த பலன் பெறக்கூடியவர்களைப் பட்டியலிட்டால் முன்வரிசையில் இவர்கள்தான் இருப்பார்கள்.

ஊசி போட்ட மறுநாளையும் பார்க்க வேண்டும். ஊசி போட்டபின் ஒரு வாரம் கடும் உடலுழைப்பைத் தவிர்க்கும்படி, குறிப்பாக 30 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண்களுக்கு, 2021 ஜூலையில் சிங்கப்பூரின் தடுப்பூசி நிபுணர் குழு அறிவுறுத்தியது. இதயத்தசை அழற்சி அபூர்வம்தான், ஆனாலும் எச்சரிக்கை நல்லது என்று. அலுவலக ஊழியருக்கு இது உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஒரு வாரம் விடுப்பு. விடியற்காலையில் லாரியின் பின்பக்கம் ஏறி, கட்டடத்தில் நாளெல்லாம் இரும்புக் கம்பி சுமக்கும் 25 வயதுக்காரருக்குக் கடும் உழைப்பைத் தவிர்ப்பதென்றால் வேலையைத் தவிர்ப்பது. வீங்கிய தோளோடு கம்பியைத் தூக்குவதா, அந்த வாரச் சம்பளத்தை இழப்பதா என்ற நிலையில் அவரை விட்டுவிட்டு அறிவுரை மட்டும் கொடுத்தால் அது பாதி அறிவுரை.

அதற்காக அவருக்கு ஊசியே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அப்படிச் சொல்வது இன்னொரு வகைப் பாகுபாடாகிவிடும். சிங்கப்பூர் அவருக்கு இலவசமாகப் போட்டது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் அவருடைய வயதுள்ளவர் 'முன்னெச்சரிக்கை ஊசி' என்று அங்கே அழைக்கப்பட்ட பூஸ்டரைப் போட வேண்டுமானால் தனியார் மருத்துவமனையில் 225 ரூபாயும், அதற்குமேல் 150 ரூபாய் வரை கட்டணமும் கொடுக்க வேண்டியிருந்தது. புதுக்கோட்டையில் காசு கொடுத்துத் தம்பி போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி கிராஞ்சியில் அண்ணனுக்குச் சும்மா கிடைத்தது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

'ஊசி அவருக்காக மட்டுமா, அறையில் கூட இருப்பவர்களுக்காகவும்தானே' என்று கேட்கலாம். இந்த வாதத்தை லேசாக ஒதுக்க முடியாது. இரும்புக் கட்டில்கள் அடுக்கடுக்காக நிற்கும் அறையில், மேல் அடுக்கில் ஒருவர் இருமினால் கீழ் அடுக்கில் இருப்பவருக்கு விலகிப்போக இடம் கிடையாது. ஆனால் வாதத்தின் உள்ளே போனால் வேறொன்று தெரிகிறது. அந்த ஊழியருக்கு ஊசியை அவசியமாக்குவதில் வயதும் உடல்நிலையும் சிறு பங்குதான் வகிக்கின்றன; பெரிய பங்கு அறைக்கு. அறையின் குறையை அறையில் தூங்குபவரின் தோள் ஈடுகட்டுகிறது. ஒரு நெருக்கடியில் கொஞ்ச காலத்துக்கு அப்படிக் கேட்கலாம். கேட்பவர் அறையைச் சரிசெய்யும் கடமையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவருடைய ஞாயிற்றுக்கிழமையைப் பிணையாக வைத்துக் கேட்கக் கூடாது. போட்டால் தேக்கா, போடாவிட்டால் விடுதி என்ற நிலையில் நீட்டப்படும் கையைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது கடினம். வெளியே விருப்பம்போல் நடமாடிய ஒருவர் 'யோசித்துச் சொல்கிறேன்' என்று சொல்ல முடிந்தது. இரண்டு ஆண்டு உள்ளே இருந்தவர் அதைச் சொல்வதற்கு அதிக விலை கொடுக்க வேண்டியிருந்தது.

2022 ஜூன் 24 அன்று விடுதியிலிருந்து வெளியே போகத் தேவைப்பட்ட அனுமதிச் சீட்டு நீக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்கு மட்டும் தனி அனுமதி வேண்டியிருந்தது. பிற்பாடு பூஸ்டர் கட்டாயமும் மறைந்தது.

அறையின் கதை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. லான்செட் கட்டுரை வந்த அதே வாரத்தில், 2021 செப்டம்பர் 17 அன்று, மனிதவள அமைச்சு புதிய விடுதிகளுக்கான தரநிலையை அறிவித்தது: அறைக்கு அதிகபட்சம் 12 பேர், ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், கட்டில்களுக்கிடையே ஒரு மீட்டர். அது இனிமேல் கட்டப்படும் விடுதிகளுக்கு. ஏற்கெனவே இருக்கும் விடுதிகள் இடைக்காலத் தரத்தை 2030க்குள்ளும் முழுத் தரத்தை 2040க்குள்ளும் எட்ட வேண்டும் என்று 2023 அக்டோபரில் சொல்லப்பட்டது. மூன்றாவது ஊசிக்குத் தரப்பட்ட கெடு 270 நாள். அந்த ஊசியை 25 வயதில் போட்டுக்கொண்ட ஊழியருக்கு 2040இல் வயது நாற்பதைத் தாண்டியிருக்கும்.