யார் கணக்கில் வரவு

மீட்பு என்ற சொல் எனக்கு இரண்டு இடங்களில் கிடைக்கிறது. வாரநாட்களில் வங்கியின் நகைக்கடன் பகுதியில். ஞாயிறு காலை ஆலயத்தில். அசலும் வட்டியும் கட்டி முடித்தவருக்குப் பொட்டலத்தைப் பிரித்து, எடை பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு நகையைக் கொடுத்தால் அது மீட்பு. சிலுவையில் நடந்ததாகச் சொல்லப்படுவதும் மீட்பு. இது தமிழில் நேர்ந்த தற்செயல் அல்ல. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் உள்ள ‘லுட்ரோன்’ என்ற சொல்லும் சந்தையிலிருந்து வந்ததுதான். அடிமையையோ போர்க்கைதியையோ விடுவிக்கக் கொடுக்கும் விலை அது.

புரொட்டஸ்டண்டுகள் வெகுகாலமாகப் புழங்கிவரும் ‘இரட்சிப்பு’ என்ற சொல்லில் இந்த விலையின் வாசனை இல்லை. ரக்ஷிப்பது என்றால் காப்பது, அவ்வளவுதான். வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியனின் ‘பில்க்ரிம்ஸ் ப்ராக்ர’ஸைத் தழுவித் தம் காவியத்தை 1894இல் வெளியிட்டபோது அதற்கு ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று பெயர் வைத்தார். விட்டுவந்த வீட்டுக்கும் வந்து சேர்ந்த வீட்டுக்கும் பொதுவாக இருந்த சொல் அது. ஆனால் மீட்பு என்று சொன்ன மாத்திரத்தில் அடகுக்கடை உள்ளே வந்துவிடுகிறது. அடகு வைத்தது யார், யாரிடம், என்ன வட்டி, கட்டியது யார் என்ற கேள்விகளும் கூடவே வந்துவிடுகின்றன.

இந்தக் கேள்விகளை என் முன் வைத்தவர் இறையியல் படித்தவரல்லர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற என் அடுத்த வீட்டுக்காரர். கறுப்புச் சட்டைக்காரருமல்லர். “கடவுள் இல்லேன்னு சொல்றதுக்கு எனக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கணும் தம்பி? எனக்கு அவ்வளவு தெரியாது” என்பார். ஹக்ஸ்லி 1869இல் இந்த மனநிலைக்கு ஓர் ஆங்கிலச் சொல் செய்தார். தமிழில் அஞ்ஞேயவாதம் என்கிறார்கள். 1880களில் சென்னையில் ‘தத்துவ விவேசினி’ என்ற சுயசிந்தனையாளர்களின் பத்திரிகையே நடந்திருக்கிறது. ஆனாலும் தமிழ் வாழ்வில் ‘தெரியாது’ என்பவனுக்கு இன்றுவரை ஒரு நாற்காலி போடப்படவில்லை. பக்தன் அவனைக் கோழை என்கிறான். நாத்திகன் அவனைப் பக்தன் என்று சந்தேகிக்கிறான். அவனோடு பேசுவதில் உள்ள கஷ்டம் வேறு விதமானது. நாத்திகனிடம் நாம் பதிலைத் தயாராக வைத்திருக்கலாம். இவரிடம் கேள்வி எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாது.

நம்பிக்கையாளன் எழுதும் உரையாடல்களை நம்பக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆன்செல்ம், ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்ற நூலை (1098இல் முடித்தது) போஸோ என்ற துறவியோடு பேசுவதுபோல் எழுதினார். அவிசுவாசிகளின் கேள்விகளை போஸோ கேட்கிறார். கடைசியில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழர்களோடு நடத்திய விவாதங்களும் ஐரோப்பாவில் அச்சாயின. எழுதியவர் பாதிரியார் என்பதால் எதிராளி எந்த இடத்தில் அலுத்துப்போய் எழுந்து போனான் என்பது நமக்குத் தெரிய வழியில்லை. என் அடுத்த வீட்டுக்காரர் போஸோ அல்லர்.

அவருடைய முதல் ஆட்சேபம் எளியது. “கடனை ஒருத்தர் கட்டிட்டா அது தள்ளுபடி இல்ல. தள்ளுபடின்னா யாரும் கட்டவேணாம். நீங்க ரெண்டும் நடந்துச்சுங்கிறீங்க. எப்படி?”

1594இல் அச்சான தம் நூலில் ஃபாஸ்டஸ் சொசினஸ் ஏறக்குறைய இதையேதான் கேட்டார். திருச்சபை அவரை மன்னிக்கவில்லை. அதற்கு முன்பும் இந்த விலை விஷயத்தில் சங்கடம் இருந்துகொண்டேதான் இருந்தது. விலை பிசாசுக்குக் கொடுக்கப்பட்டது என்றார் நிஸாவின் கிரகோரி. தூண்டிலில் இரைபோல் மனித உடலுக்குள் தெய்வம் ஒளிந்திருந்ததாம். அவர் காலத்து இன்னொரு கிரகோரி, நாஸியான்ஸஸ்காரர், திருடனுக்கு விலை கொடுப்பதா என்று அருவருத்தார். ஆன்செல்ம் பிசாசை விலக்கிவிட்டுக் கடவுளையே கடன்கொடுத்தவராக வைத்தார். நிலப்பிரபுவின் மானத்துக்கு இழுக்கு வந்தால் ஈடு செய்தாக வேண்டும்; மனிதனால் ஆகாது, கடவுளால் ஆகும், ஆகவே கடவுள்-மனிதன். தர்க்கம் அழகாக இருக்கிறது. அதில் பதினோராம் நூற்றாண்டு அரண்மனையின் வாடையும் இருக்கிறது. குற்றமற்ற ஒருவனின் ரத்தத்தை விலையாகக் கேட்பது கொடூரம் என்று அபெலார்ட் அடுத்த தலைமுறையிலேயே சொல்லிவிட்டார்.

அடுத்த வீட்டுக்காரரிடம் நான் சொன்ன பதில் வங்கியிலிருந்து எடுத்தது. யாரும் கட்டாத தள்ளுபடி என்று ஒன்று கிடையாது. 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன்வரை அடகு வைத்தவர்களின் கடனைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது. நகை வீட்டுக்குப் போயிற்று. தொகையை அரசு ஏற்றுக்கொண்டது. கடன் எழுதித்தள்ளப்படும்போது கொடுத்தவன் அந்த நஷ்டத்தைத் தானே சுமக்கிறான். மன்னிப்பு என்பதே அதுதான். சிலுவை என்பது கடன்கொடுத்தவர் தாமே சுமந்த நஷ்டம், மூன்றாம் ஆள் கட்டிய தவணை அல்ல. (அந்தத் தள்ளுபடியில் தகுதியுள்ளோர், தகுதியற்றோர் என்று பட்டியல் பிரித்தபோது வெளியே நின்றவர்களின் முகங்களைப் பார்த்திருந்தால் கால்வினின் முன்குறிப்புக் கொள்கையைப் பற்றி இன்னும் நிதானமாகப் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.)

அவர் இதை ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டபின் கேட்டதுதான் பெரிய கேள்வி. அதற்கு முன் இந்த மாவட்டத்தில் மீட்புக்கு உள்ள மூன்றாவது அர்த்தத்தைச் சொல்லியாக வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு ஒடிஷாவிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அரிசி ஆலைகளில் இருளர் குடும்பங்கள் இதேபோல் கட்டுண்டு கிடந்ததுண்டு. அதிகாரிகள் வந்து அவர்களை அழைத்துப்போனால் பத்திரிகையில் ‘கொத்தடிமைகள் மீட்பு’ என்று வரும். இந்த மீட்பில் யாரும் எதையும் கட்டுவதில்லை. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பே அற்றுப்போனதாகச் சொல்கிறது. அரசு முதலாளிக்குப் பணம் கொடுத்து ஆளை வாங்குவதில்லை. அந்தக் கடன் கடனே அல்ல என்கிறது. நாஸியான்ஸஸ் கிரகோரியின் அருவருப்புக்கு ஒரு சட்டப்பிரிவு கிடைத்ததுபோல் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் இதே கரையில், பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர்கள் அடிமைகளைக் கப்பலேற்றினார்கள். கப்பலேற்றியவர்களும் ஞாயிற்றுக்கிழமை மீட்பைப் பற்றிய பிரசங்கம் கேட்டவர்கள்தான். அந்தப் பிரசங்கத்தில் இந்த மூன்றாவது அர்த்தம் இருந்திருந்தால் கப்பல் புறப்பட்டிருக்காது.

ஆனால் பாவம் இந்த மாதிரிக் கடன் அல்ல என்பதுதான் சிக்கல். கொத்தடிமையின் கடன் அவன்மேல் சுமத்தப்பட்டது. பாவம் என்பது நான் உண்மையிலேயே ஒருவனுக்குச் செய்தது. சட்டம்போட்டு ‘இல்லை’ என்று சொல்லிவிட முடியாது.

அடுத்த வீட்டுக்காரருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. ஓர் ஆலையில் பிரஸ் மெஷினின் காப்புத் தடுப்பை, உற்பத்தி குறைகிறது என்று கழற்றி வைத்திருந்தார்கள். கழற்றச் சொன்ன மேற்பார்வையாளர் சில வருஷங்களுக்குப் பிறகு மனந்திரும்பினார். தம் பாவங்கள் அனைத்தும் கழுவப்பட்டன என்று சபையில் எழுந்து சாட்சி சொன்னார். அதைக் கேட்டவர்கள் வந்து இவரிடம் சொன்னார்கள். விரல்போனவரைப் பார்க்க அவர் ஒருமுறைகூட வந்ததில்லை.

“அந்தாளு நடிக்கிறான்னு நான் சொல்லல. அவனுக்கு மனசு லேசாயிருக்கும், நெசந்தான். ஆனா போனது என் விரலு. அவனுக்கு ரசீது போட்டுக் குடுத்தது யாரு?”

வங்கியில் இதற்குத் தவறான கணக்கில் வரவு வைத்தல் என்று பெயர். என் கணக்கில் எடுத்ததை வேறொருவர் கணக்கில் கட்டி நேர்செய்ய முடியாது. கான்ட் 1793இல், குற்றத்தின் கடன் பணக்கடன்போல் கைமாற்றிக் கொடுக்கக்கூடியதல்ல என்றார். கட்டுகிறவனைப் பற்றி அவர் சொன்னதை மன்னிக்கிறவனுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். தஸ்தயெவ்ஸ்கியின் இவான் அந்த இடத்துக்குத்தான் போகிறான்: நாய்களை ஏவிவிட்டுக் கொல்லப்பட்ட குழந்தையின் தாய் தன் துக்கத்துக்காக மன்னிக்கலாம், குழந்தை பட்டதற்காக மன்னிக்க அவளுக்கு உரிமையில்லை. தாய்க்கே இல்லாத உரிமை தந்தைக்கு எங்கிருந்து வரும், அவர் பரலோகத்தில் இருந்தாலும்?

திருவள்ளூர் வீரராகவர் கோவில் குளத்தில் அமாவாசைக்கு அமாவாசை வெல்லம் கரைக்கும் கூட்டத்தைப் பார்க்கும்போது இந்தப் பிரச்னை எழுவதில்லை. அங்கே பாவம் அழுக்காகவோ நோயாகவோ நினைக்கப்படுகிறது. அழுக்குக்குச் சொந்தக்காரன் வேறு ஒருவன் இல்லை. கடன் என்று பேச ஆரம்பித்த மதத்துக்குத்தான் கடன்கொடுத்தவன் யார் என்று சொல்லும் கட்டாயம் இருக்கிறது. புரொட்டஸ்டண்ட் தமிழ் வேதாகமத்தின் மத்தேயுவில் கர்த்தருடைய ஜெபம் கடனைத்தான் மன்னிக்கக் கேட்கிறது. கிரேக்கத்திலும் அந்தச் சொல்தான். தப்பித்துக்கொள்ள வழியில்லை.

வேதத்தில் பதில் இல்லாமலில்லை. பலிபீடத்தண்டையில் நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் அவனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு சொல்கிறது. வரி வசூலிக்கும் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்புவதாகச் சொன்னபிறகே அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக லூக்கா எழுதுகிறார். ஆனால் விருந்தாளி அதற்கு முன்பே, எந்த நிபந்தனையுமில்லாமல் வந்துவிட்டார் என்பதும் அங்கே இருக்கிறது. வருகை முதலில், கணக்குத் தீர்ப்பது பிறகு. தீர்க்கும் தைரியத்தை அந்த வருகை கொடுக்கிறது. கிருபையை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அது ரசீது அல்ல, பேரேட்டைத் திறந்து பார்க்கும் துணிவு. பின்விளைவில்லாத மன்னிப்பை மலிவான கிருபை என்று 1937இல் எழுதிய போன்ஹோஃபர் 1945இல் தூக்கிலிடப்பட்டார். அந்தச் சொற்றொடரைப் பிரசங்கங்களில் வெகு மலிவாகவே பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு விஷயம்.

சகேயுவின் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “பணத்தை நாலு மடங்கு குடுக்கலாம். விரலை?”

திருப்ப முடியாத கடன்கள் இருக்கின்றன. அதனால்தான் மன்னிப்பு என்ற ஒன்றே தேவைப்படுகிறது. திருப்ப முடிந்ததற்குப் பட்டுவாடா போதும். அப்படிப்பட்ட கடனைக் கடவுள் மன்னிக்க முடியுமென்றால் அதற்கு எனக்குத் தெரிந்து ஒரே ஓர் ஆதாரம்தான் இருக்கிறது. மத்தேயு இருபத்தைந்தில் பசித்தவனுக்கும் காவலில் கிடப்பவனுக்கும் செய்தது எனக்கே செய்தது என்கிறார். அதாவது நசுங்கிய கையின் பக்கம் அவர் இருந்தார். கடன்பட்டது அவருக்கும்தான். நீதிபதி என்பதால் அல்ல, பாதிக்கப்பட்டவர் என்பதால் அவருக்கு மன்னிக்கும் அருகதை.

இதை அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, “அப்ப அது கூட்டுக் கணக்குன்னு வை. ரெண்டு கையெழுத்து வேணுமில்ல?” என்றார்.

வேண்டும். இருவரும் சேர்ந்து இயக்கும் கணக்கில் ஒருவர் கையெழுத்தோடு வரும் காசோலையை நான் திருப்பித்தான் அனுப்புவேன். நம் மீட்பின் பாட்டுகளில் இந்த இரண்டாவது கையெழுத்து இல்லை. பனியனின் யாத்ரீகன் ஊரைவிட்டு ஓடும்போது மனைவி மக்கள் கூப்பிடுவது கேட்காதபடி காதில் விரலை வைத்துக்கொள்கிறான். தடுக்க வரும் அயலார் இருவரில் ஒருவன் முரடன், ஒருவன் வளைந்துகொடுப்பவன். அயலானுக்கு அந்தக் கதையில் இவ்வளவுதான் வேலை. யாத்ரீகனின் முதுகுமூட்டை சிலுவையடியில் கழன்று விழுகிறது. அதில் அந்த அயலார்களுக்குச் சேரவேண்டியது ஏதாவது இருந்ததா என்று யாரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. தரவேண்டியதை எல்லாருக்கும் தந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு பின்னால் வருகிற அறியாமை என்ற பாத்திரத்தையோ பனியன் பரலோக வாசலிலிருந்தே நரகத்துக்கு அனுப்பிவிடுகிறார். ஒரு வங்கி ஊழியனாக எனக்கு அந்த முடிவு ஒருபோதும் ஜீரணமானதில்லை.

ஆனால் இரண்டாவது கையெழுத்து வேண்டும் என்று சொல்வதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. அது பாதிக்கப்பட்டவன் தலையில் இன்னொரு சுமையை வைக்கிறது. ஆஷ்விட்ஸிலிருந்து பிழைத்த, எந்த மதத்தையும் ஏற்காத ழான் அமெரி 1966இல், தன் மனக்கசப்பை ஒரு வியாதியாகப் பார்க்காதீர்கள், நடந்ததை நடக்காததுபோல் ஆக்கும் காலத்துக்கு எதிராக என்னிடம் உள்ளது அது ஒன்றுதான் என்ற பொருள்பட எழுதினார். கையெழுத்துப் போடாதிருக்கும் உரிமையும் உரிமைதான். அந்த உரிமையைப் பாவமாக்கிப் பிரசங்கம் செய்வது சுலபம். பாதிக்கப்பட்டவன் இரண்டாவது தடவை கடனாளியாக்கப்படுகிறான்.

அடுத்த வீட்டுக்காரர் அந்த உரிமையையும் வேண்டாம் என்கிறார். “அவன் கரையேறுறதும் ஏறாததும் என் கையில இருக்குன்னா அந்த அதிகாரம் எனக்கு எதுக்கு? அவன் வரட்டும். வந்து எதிர்ல உக்காரட்டும். அப்புறம் எனக்கு என்ன தோணுதோ அது அப்பத்தான் எனக்கே தெரியும்.” தெரியாது என்பதை அவர் கடவுளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, தன் மன்னிப்பைப் பற்றியும் சொல்கிறார். முன்கூட்டியே சொல்ல முடிகிற மன்னிப்பு மன்னிப்புத்தானா என்று ஆன்செல்மிடம் கேட்க போஸோவுக்குத் தோன்றவில்லை.