முதலில் காது கொடுங்கள்

ஓம் சரவணபவ.



இந்த மாதம் இந்தப் பக்கத்துக்கு எழுத எனக்கு முறை வந்திருக்கிறது. நான் சமயம் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். தேவார வகுப்பில் கற்றதும், வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டதும்தான் என் கையிருப்பு. அதை வைத்து ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறேன். அந்தச் சொல் 'கேள்'.

தமிழில் இதற்கு இரண்டு வேலை. 'வாத்தியாரிடம் கேள்' என்றால் வினா எழுப்பு என்று பொருள். 'வாத்தியார் சொல்வதைக் கேள்' என்றால் காது கொடு என்று பொருள். மலாயில் ஒன்றுக்கு 'தாஞா', மற்றதற்கு 'டெங்கார்' என்று தனித்தனிச் சொல் இருக்கிறது. நமக்கு ஒரே சொல்தான். கேள்வி கேட்டவன் பதிலையும் கேட்டு முடித்தால்தான் 'கேட்டான்' என்று ஆகும் என நான் எடுத்துக்கொள்கிறேன். திருவள்ளுவரும் கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களுக்கு அடுத்து, 42-ஆவதாகக் 'கேள்வி'யை வைத்தார். அங்கே கேள்வி என்பது காதால் பெறும் அறிவு.

சுவாமிமலைக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். பிரணவத்துக்குப் பொருள் என்ன என்று முருகன் பிரம்மாவிடம் கேட்டார். பிரம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. முருகன் அவரைச் சிறையில் வைத்தார். விடுவிக்க வந்த சிவபெருமான், "சரி, உனக்குத் தெரியுமா?" என்று மகனிடம் கேட்டார். "தெரியும். ஆனால் சீடனாக இருந்து கேட்டால்தான் சொல்வேன்" என்றார் முருகன். அப்பா பணிந்து காது கொடுத்தார். அதனால்தான் அந்த முருகனுக்குச் சுவாமிநாதன், தகப்பன்சாமி என்றெல்லாம் பெயர்.

சின்ன வயதில் இந்தக் கதையில் நான் முருகனை மட்டும்தான் பார்த்தேன். அப்பாவுக்கே பாடம் நடத்திய பிள்ளை என்று ஒரு பெருமை. இப்போது என் கண் சிவனிடம் போகிறது. அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. இருந்தும் 'நான் அப்பா, நான் பெரியவன்' என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். கேட்பதற்கு முதல் தேவை அந்த இறக்கம். நமக்குத் தெரியும் என்ற நினைப்பு மேலே உட்கார்ந்திருக்கும்வரை எதிரில் இருப்பவர் சொல்வது காதுக்குள் போகாது.

இதைக் காப்புறுதி முகவர் வேலையோடு சேர்த்துப் பேசப் போகிறேன். சமயப் பக்கத்தில் இன்சூரன்ஸ் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் பிள்ளைகள் பலர் படிப்பு முடித்தும் முடிக்காமலும் போகிற வேலை இது. பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது, கமிஷன்தான். முதல் ஆறு மாதம் சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள் என்று போய்விடும். அதற்குப் பிறகு யாரிடம் பேசுவது? அங்கேதான் 'லீட்' விற்பவர் வருகிறார். லீட் என்றால் பாலிசி எடுக்கக்கூடியவர் என்று சொல்லப்படுகிற ஒருவரின் பெயரும் நம்பரும். ஃபேஸ்புக் விளம்பரத்தில் ஒரு பாரத்தைப் போட்டு, பூர்த்தி செய்தவர்களின் விவரத்தை முகவர்களுக்கு விற்பவர்கள் உண்டு. எங்கிருந்தோ வந்த பட்டியலை வாட்ஸ்அப்பில் விற்பவர்களும் உண்டு.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, கிள்ளானில் முகவராக இருக்கிறார். போன வருஷம் அவருக்கு ஒருத்தர் மெசேஜ் அனுப்பினார். 300 பேர், 450 ரிங்கிட். அந்த மாதம் அக்காவுக்கு டார்கெட் பாதிகூட ஆகவில்லை. கார் தவணை வேறு கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. நானும் அன்று அங்கே இருந்தேன். அக்கா அந்த ஆளுக்குப் போன் போட்டு மூன்றே கேள்வி கேட்டார்.

"இந்த நம்பரெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு அண்ணே? முகவர் கூப்பிடுவாங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா? எனக்கு முன்னாடி எத்தனை பேருக்கு வித்திருக்கீங்க?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அதெல்லாம் எதுக்கும்மா? நல்ல லிஸ்ட். போன் அடிச்சுப் பாருங்க, 300-ல அஞ்சு பேர் கிடைக்க மாட்டாங்களா?" என்றார். அக்கா நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

"ஏன்க்கா, விலை ஜாஸ்தியா?" என்று கேட்டேன்.

"கேட்டது மூணு தம்பி. ஒண்ணுக்கும் பதில் வரலை. அதுதான் பதில்."

சட்டமும் இதில் சும்மா இல்லை. நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு, தரவை வைத்திருக்கும் நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் ஆள் விவரங்களை எடுப்பதையும் விற்பதையும் குற்றமாக்குகிறது. 500,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. நேரடி விற்பனைக்காக என் விவரத்தைப் பயன்படுத்தாதே என்று எழுத்தில் சொல்லும் உரிமையை 43-ஆம் பிரிவு நமக்குத் தருகிறது. சிங்கப்பூரில் 2014 ஜனவரியிலிருந்து 'டு நாட் கால்' பதிவேடு நடக்கிறது. 'வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் அதையும் கேட்கத்தான் வேண்டும்.

எல்லா விற்பனையாளரும் ஒரே மாதிரி என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அக்கா இன்னொருத்தரிடம் அதே மூன்று கேள்வியைக் கேட்டார். அவர் விளம்பரத்தையும் பாரத்தையும் அனுப்பினார். 'முகவர் ஒருவர் உங்களை அழைக்கச் சம்மதமா' என்ற வரி அதில் தெளிவாக இருந்தது. ஒரு பெயரை ஒரு முகவருக்குத்தான் கொடுப்பேன் என்றார். விலை பல மடங்கு கூட. அக்கா 20 பெயர் மட்டும் வாங்கினார்.

கோயில் திருவிழாவில் மைக் கரகரக்கும்போது சவுண்டைக் கூட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பேச்சும் பெரிசாகும், கரகரப்பும் பெரிசாகும். எங்கள் பாடத்தில் முதலில் சொல்லிக் கொடுப்பது இது. ஆம்பிளிஃபையர் சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். 300 பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு போன் அடிப்பதும் சவுண்டைக் கூட்டுவதுதான். லீட் விற்பவர் நம்பரைத்தான் விற்க முடியும். அந்த நம்பருக்குப் பின்னால் இருக்கிற ஆளுக்கு என்ன தேவை என்பதை எவ்வளவு காசு கொடுத்தாலும் விற்க முடியாது. அதைக் காதால்தான் வாங்க வேண்டும்.

அந்த 20 பேரில் ஒரு அம்மா. அக்கா தன் பெயரைச் சொல்லி, "பாரத்துல மெடிக்கல் கார்டு வேணும்னு போட்டிருக்கீங்கம்மா, யாருக்கு?" என்று மட்டும் கேட்டார். அந்த அம்மா பேச ஆரம்பித்தார். வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். இப்போது கார்டு எடுத்தால் அந்தச் செலவைக் கட்டிவிடுவார்களா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. அக்கா முக்கால் மணி நேரம் நடுவில் பேசாமல் கேட்டார்.

பிறகு உண்மையைச் சொன்னார். ஏற்கனவே இருக்கும் நோய்க்குப் புதிய கார்டு பணம் தராது. அடுத்து, "அண்ணன் முன்னே வேலை செஞ்சப்போ சொக்சோ பிடிச்சாங்களாம்மா?" என்று கேட்டார். பதினாறு வருஷம் ஒரு தொழிற்சாலையில் பிடித்திருக்கிறார்கள். தகுதி உள்ள சந்தாதாரர்களுக்குச் சொக்சோவில் டயாலிசிஸ் உதவி இருக்கிறது என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. எந்த அலுவலகம், என்ன பத்திரம் கொண்டுபோக வேண்டும் என்று அக்கா சொல்லி வைத்தார்.

அந்த அம்மா இன்றுவரை அக்காவிடம் பாலிசி எடுக்கவில்லை. அக்கா அந்த மாதம் டார்கெட்டும் அடிக்கவில்லை. 'நல்லது செய்தார், உடனே பத்துப் பாலிசி வந்தது' என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது அது இல்லை. தர்மம் கமிஷன் கணக்கில் உடனே விழுகிற பணம் இல்லை.

கேட்காமல் விற்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். விண்ணப்பப் பாரத்தில் உடல்நிலை பற்றிய கேள்விகள் வரும். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டப்படி, வாங்குபவர் அக்கறையோடு உண்மையான பதில் தர வேண்டும். அவசரத்தில் இருக்கும் முகவர் என்ன செய்வார்? "பிரஷர் மாத்திரையா? அதெல்லாம் எழுத வேணாங்க" என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிடுவார். மெடிக்கல் கார்டுகளில் பொதுவாக நோய்களுக்கு முதல் 30 நாளும், இரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு முதல் 120 நாளும் காத்திருக்க வேண்டும் என்பதையும் சொல்ல மாட்டார். மூன்று வருஷம் மாதா மாதம் காசு கட்டிய குடும்பம், ஒருநாள் ராத்திரி ஆஸ்பத்திரி கவுண்டரில் நிற்கும். உத்தரவாதக் கடிதம் வராது. அன்று கேட்காத காதுக்கு அந்தக் குடும்பம் விலை கொடுக்கும். நான் இதை விற்பனைத் திறமை பற்றிய விஷயமாகப் பார்க்கவில்லை. இது பாவ புண்ணியம் சம்பந்தப்பட்டது.

கீதையின் முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். அர்ஜுனன் புலம்புகிறான், காரணம் அடுக்குகிறான், வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். அதுவரை கண்ணன் உபதேசத்தை ஆரம்பிக்கவே இல்லை. உலகத்துக்கே ஆசிரியர், முதலில் முழுசாகக் கேட்டுக்கொண்டார். 18-ஆம் அத்தியாயத்தில் எல்லாம் சொல்லி முடித்த பிறகும், யோசித்துப் பார்த்து உன் விருப்பப்படி செய் என்று முடிவை அவனிடமே விட்டார். நம் நாட்டில் ஆயுள் காப்புறுதி எடுத்தவருக்குப் பத்திரம் கையில் கிடைத்த பிறகு 15 நாள் அவகாசம் உண்டு. வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுக்கலாம். அதை வாய் திறந்து சொல்கிற முகவர், விருப்பத்தை அடுத்தவரிடம் விடத் தெரிந்தவர்.

இந்த வேலையில் இருக்கும் அண்ணன் அக்காமார்களுக்கு இந்தத் தம்பியின் பணிவான வேண்டுகோள். லீட் வாங்கும் முன் அந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள்; பதில் வராவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விடுங்கள். போன் எடுத்ததும் திட்டத்தைச் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நிறுத்துங்கள். எதிர்ப்பக்கம் மௌனம் வந்தால் அவசரமாக நிரப்பாதீர்கள். பல பேர் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் உண்மையைச் சொல்கிறார்கள்.

மற்ற நமக்கும் வேலை இருக்கிறது. காப்புறுதி விற்க நம் வீட்டுக்கு வருகிற பையனும் நம் பிள்ளைதான். வேண்டாம் என்றால் மரியாதையாகச் சொல்வோம். பாட்டி பத்தாவது தடவை சொல்லும் எஸ்டேட் கதையை, போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்போம். கோயிலில் நம் விண்ணப்பங்களை அடுக்கிவிட்டு உடனே கிளம்பாமல் ஐந்து நிமிஷம் சும்மா உட்காருவோம். சாமியிடம் நாம் நிறையக் கேட்கிறோம். அந்தச் சொல்லின் இன்னொரு பாதி அங்கே காத்துக்கொண்டிருக்கிறது.

அப்பனுக்கு உபதேசித்த ஆறுமுகன், நம் எல்லோருக்கும் கேட்கிற காதைக் கொடுக்கட்டும்.

வேலும் மயிலும் துணை.