கைராசியும் கண்காணிப்பும்

டாக்டரின் மருந்தகத்தை அதிகாரிகள் சோதிப்பது அவருடைய கண்ணியத்திற்கு இழுக்கென்று நம்மவரில் சிலர் கருதுகின்றனர். கைராசிக்காரரைச் சோதிக்க இவர்கள் யார் என்கின்றனர். நாம் இதற்கு உடன்படோம். கைராசி கிருமியைக் கொல்வதில்லை.

சிங்கப்பூரில் 1980ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் மருந்தகங்களுக்கு உரிமத்தையும் சோதனையையும் விதித்தது. 2020இல் நிறைவேறிய சுகாதாரச் சேவைச் சட்டம், 2023 ஜூன் முதல் அவற்றைத் தன்கீழ்க் கொணர்ந்தது. கருவிகள் கிருமி நீக்கப்பட்டனவா, தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் உள்ளதா, காலங்கடந்த மாத்திரை அலமாரியில் கிடக்கிறதா என்பன அதிகாரி காண வேண்டியவை.

செல்வர்க்கு ஐயம் எழுந்தால் வேறு டாக்டரை நாடுவர். ஞாயிறு மாலையில் சிராங்கூன் சாலைப் பக்கம் மருந்துக்குக் காத்திருக்கும் தொழிலாளியோ, ஊசி புதியதா என்று கேட்கவும் கூசுவார். அவருக்காக மற்றொருவர் கேட்பதில் டாக்டருக்கு என்ன அவமதிப்பு?

ஆயினும், அதிகாரி ஒரு நாள் வந்து போகிறவர். டாக்டர் நோயாளியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாரா என்பது எப்பதிவேட்டிலும் ஏறாது. சென்ற மாதம் ஒரு மருந்தகத்தில், மாத்திரை எதற்கென்று வினவிய தொழிலாளி ஒருவர் அதட்டப்பட்டார். நாம் அடுத்த நாற்காலியில் இருந்தோம், வாய் திறந்தோமில்லை.