ஜும்ஆ பயான்: பிள்ளைகளின் பற்களும் அமானிதமே

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே!

மிஸ்வாக்கின் சிறப்பை இந்த மிம்பரில் பலமுறை பேசியிருக்கிறேன். உம்மத்துக்குச் சிரமமாகிவிடுமே என்ற இரக்கம் மட்டும் இல்லையென்றால், ஒவ்வொரு தொழுகைக்கும் அதை நபி (ஸல்) அவர்கள் கட்டாயமாக்கியிருப்பார்கள். வஃபாத்தின் நேரத்தில்கூட, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மென்று மிருதுவாக்கிக் கொடுத்த மிஸ்வாக்கால் பல் துலக்கினார்கள் என்று புகாரியில் வருகிறது.

இவ்வளவும் பேசிய நான், என் சொந்த வீட்டில் தவறிவிட்டேன்.

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கும்போது, பள்ளிக்கு மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பார்த்தது. கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறது, பல் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார்கள். "பால் பல்தானே, விழுந்து முளைச்சுடும்" என்று சொல்லி அலமாரியில் வைத்தேன். நான்கு மாதம் கழித்து ஓர் இரவு கன்னம் வீங்கி, பிள்ளை துடித்தாள். காலையில் பார்த்த மருத்துவர் சொன்னார்: "ஹஜ்ரத், இது பால் பல் இல்லை. இனி முளைக்காது." அந்தப் பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. சீட்டு வந்த வாரமே போயிருந்தால் அடைத்துக் காப்பாற்றியிருக்கலாம்.

சகோதரர்களே! முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் ஆறு வயதையொட்டி முளைக்கிறது. எந்தப் பால் பல்லும் விழாமலேயே, வரிசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்துவிடுகிறது. அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம். பால் பல்லும் அலட்சியத்துக்குரியதல்ல. பின்னால் உள்ள பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்து, அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கின்றன.

2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற தேசியத் திட்டத்தில், அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழுக்கள் வருகின்றன. அவர்கள் கவனிக்கும் நோய்களில் பல் சொத்தையும் ஒன்று. ஆனால் பரிசோதனை சொத்தையைக் காட்டித்தான் கொடுக்கும், அடைக்காது. அந்த வேலை நம்முடையது. நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி நாளை மறுமையில் கேட்கப்படுவோம் என்பது நபிகளார் தந்த எச்சரிக்கை. அந்தச் சீட்டுக்கும் அங்கே பதில் சொல்ல வேண்டாமா?

இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் பள்ளிப் பையைத் திறந்து பாருங்கள். பிறகு வெளிச்சத்தில் உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லுங்கள். பல்லில் வெள்ளைத் திட்டு, பழுப்பு, கறுப்பு, குழி தெரிந்தால் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். ஆரம்பத்தில் சொத்தை வலிக்காது.

காலையிலும் இஷாவுக்குப் பின் படுக்கும் முன்பும், ஃப்ளோரைடு உள்ள பற்பசையால் துலக்கிவிடுங்கள். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு போதும். ஏழெட்டு வயது வரை பிள்ளையின் கை மட்டும் போதாது, உங்கள் கையும் வேண்டும். பால் புட்டியோடு தூங்க வைக்காதீர்கள். மதரஸா முடிந்ததும் மிட்டாய்க்குக் காசு கொடுப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஒட்டும் இனிப்பை அடிக்கடி தின்பதுதான் பல்லை அரிக்கிறது.

தினக்கூலிக்குப் போகும் சகோதரர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் சம்பளமில்லாத நாள். அது எனக்குத் தெரியும். சீட்டை என்னிடம் கொண்டு வாருங்கள். பிள்ளையின் தாயாருடனோ பாட்டியுடனோ நான் துணைக்கு வருகிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சீட்டை அலமாரியில் வைத்த ஆலிம்தான் உங்களிடம் சொல்கிறேன்.

யா அல்லாஹ்! எங்கள் அலட்சியத்தை மன்னிப்பாயாக! எங்கள் பிள்ளைகளுக்கு நோயற்ற உடலையும், உன்னைத் திக்ரு செய்யும் நாவையும் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.