சொல்லாமல் விட்டது

அறிந்ததைச் சொல்லாமல் விடுவது பொய்யாகுமா? ஒன்றைத் திரித்துக் கூறுவது குற்றம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. திரிக்காமல், கூட்டாமல், வெறுமனே விட்டுவிட்டவனை என்னென்பது? நெடுநாளாக நம்மை வருத்திவரும் இவ்வினாவை எண்ணிப் பார்க்க நமக்குத் துணைநின்றது ஒரு நூலன்று. ஜெர்மானிய ஓவியர் ஒருவரின் கடற்காட்சி.

காஸ்பர் டாவிட் பிரீட்ரிக், பால்டிக் கடற்கரையை அடுத்த கிரைப்ஸ்வால்டு நகரில் 1774-இல் பிறந்தவர். தந்தை மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். விளக்கொளி விற்றவரின் மகன் வானொளியைத் தீட்டிப் பெயர் பெற்றது நினைக்க இனியது. 1808-க்கும் 1810-க்கும் இடையில் அவர் தீட்டிய 'கடலோரத் துறவி' இன்று பெர்லின் பழைய தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. உயரம் 110 செண்டிமீட்டர், அகலம் 171.5.

கீழே வெளிறிய மணல்மேடு. அதன்மேல் ஒடுங்கிய கருங்கடல், ஆங்காங்கே வெண்ணுரை, சில கடற்பறவைகள். எஞ்சிய பெரும்பரப்பு முழுவதும் வானம். மணலின் விளிம்பில் கரிய அங்கியணிந்த துறவி ஒருவர், நம் விரலளவுகூடத் தோன்றாதவராய், கடலை நோக்கி நிற்கிறார். சூரியன் இல்லை; சந்திரனும் இல்லை. கடலோடு ஒட்டிய வானம் இருண்டிருக்க, மேலே செல்லச் செல்ல மேகம் வெளுத்து நீலம் தெளிகிறது. காலையா மாலையா என்பதற்கும் விடையில்லை. 2013 முதல் 2016 வரை நடந்த சீரமைப்பில் மஞ்சளித்துப் போயிருந்த மேற்பூச்சை அகற்றியபின் அந்த நீலம் மீண்டும் வெளிப்பட்டது.

அரபு மொழியில் ஒளிக்கு 'ளியா' என்றும் 'நூர்' என்றும் சொற்கள் உண்டு. தன்னிலிருந்தே எழுவது முன்னது. பிறிதொன்றிலிருந்து பெற்றது பின்னது எனச் சொல்லாராய்ச்சியாளர் சிலர் பிரித்துரைப்பர். திருமறை சூரியனுக்கு முதற்சொல்லையும் சந்திரனுக்கு மற்றதையும் ஆள்வது கற்றோர் அறிந்ததே. இவ்வோவியத்தில் இருப்பது பெற்ற ஒளி மட்டுமே. கொடுத்தது எதுவென்று ஓவியர் காட்டவில்லை.

அவர் காட்டாமல் விட்டது அதுவொன்றுமன்று. அகச்சிவப்புக் கதிர்கொண்டு ஆய்ந்தபோது, துறவியின் இருபுறமும் கடலில் கப்பல்கள் வரைந்திருந்தது தெரியவந்தது. வரைந்தவரே பின்னர் அவற்றை வண்ணத்தால் மூடிவிட்டார்! 1809-இல் ஓவியத்தைக் கண்ட மாரி வான் கூகெல்கன் என்னும் மாது, புயலேனும் இருந்திருந்தால் ஆறுதலாயிருக்கும், ஒரு படகுகூட இல்லையே என்று மடலொன்றில் குறைப்பட்டார். 1810-இல் பெர்லின் கலைக்கழகக் கண்காட்சியில் வைக்கப்பட்டபோதும் பலர் திகைத்தனர். ஆயினும் பிரஷிய மன்னர் அதனை விலைக்கு வாங்கினார்.

பால்டிக் கடலில் கப்பல்கள் செல்லாமலா இருந்தன? அப்படியாயின் ஓவியர் பொய்யுரைத்தாரா? ஓவியன் சாட்சிக் கூண்டில் நிற்பவனல்லன் என்று எளிதில் கூறிவிடலாம். நமக்கு அது போதவில்லை. பாறையையும் மரத்தையும் நேரில் கண்டு நுணுக்கமாக வரைந்து வைத்து, ஆண்டுகள் கழித்தும் அவ்வரைபடங்களையே பார்த்துத் தீட்டியவர் பிரீட்ரிக். கண்டதற்குக் கட்டுப்பட்டவர் என்றே அவரைக் கொள்ள வேண்டும்.

இங்கே நம் கதையைச் சொல்லியாக வேண்டும். பல்லாண்டுகட்கு முன் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவருக்குப் பெண் கொடுக்க விரும்பியவர் நம்மை நாடி வந்தார். "பையன் எப்படி, ஹஜ்ரத்?" என்றார். தொழுகையாளி, உழைப்பாளி, நன்றாக ஓதுவார் என்றோம். அத்தனையும் உண்மை. சினம் மூண்டால் அவர் கை நீட்டுவார் என்பதையும் நாம் அறிந்திருந்தோம். அதைச் சொல்லவில்லை. வந்தவர் முகம் மலர்ந்து சென்றார். இரண்டாம் ஆண்டில் அந்தப் பெண் தாய்வீடு திரும்பினாள்.

நாமும் விட்டோம், ஓவியரும் விட்டார். வேறுபாடு எங்கே? கப்பல் இருந்தால் பார்ப்பவன் அதைப் பற்றிக்கொள்வான்: தொலைவு இவ்வளவு என்று அளப்பான், யார் வருகிறார் என்று கதை புனைவான். அந்தப் பிடியை அவர் எடுத்துவிட்டார். நிற்பவனுக்கும் பரப்புக்கும் நடுவே ஒன்றுமில்லை. அவர் விட்டது, பார்ப்பவரின் ஆறுதலை. நாம் விட்டது, கேட்டவரின் ஆறுதலைக் குலைத்திருக்கக் கூடியதை; நமக்கும் அதனால் சங்கடம் தவிர்ந்தது.

இதனால் ஓவியரை முற்றிலும் விடுவித்துவிட்டோம் என்று சொல்வதற்கில்லை. அந்தக் கப்பல்களில் கயிறிழுத்தவர்களும் அந்தக் கடலின் மக்களே. அவர்களுக்கு அவ்வோவியத்தில் இடமில்லாது போயிற்று. ஆனால் தாம் மூடியது இன்னதென அறியும் வழி அவர் தூரிகைக்கு அடியிலேயே கிடக்கிறது. இருநூறு ஆண்டு கழித்தும் கருவிக்குத் தெரிகிறது. பெண்ணின் தந்தை மீண்டும் ஒருமுறை நம் வாசலுக்கு வந்தார். "உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றோம். அமரச் சொன்னோம், அவர் அமரவில்லை.