இரண்டு டிஸ்க் போனாலும்

பழைய பெட்டியில் நான்கு ஹார்ட் டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டெராபைட். ரெய்டு 5 முறையில் கோர்த்திருந்தேன். ஒரு டிஸ்க்கின் அளவு காப்புக்குப் போக மிச்சம் 12 டெராபைட். ஒன்று செத்தால் மற்ற மூன்றை வைத்துக் கணக்குப் போட்டு அதில் இருந்ததை மீட்டுவிடலாம். இரண்டு செத்தால் எல்லாம் போச்சு. கார்த்திகைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மூன்றாவது டிஸ்க்கில் கெட்டுப்போன செக்டர்கள் தெரிய ஆரம்பித்தன.

ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெரிய டிஸ்க் மாட்டிக்கொண்டே போகலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் மிச்சமிருப்பவற்றை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். நான்கும் ஒரே நாளில் வாங்கியவை. ஒன்று தளர்ந்தால் மற்றவையும் தளரும் வயசுதான். அதனால் புதுப் பெட்டியே வாங்கினேன். 16 டெராபைட்டில் நான்கு, இந்தத் தடவை ரெய்டு 6. பாதி இடம் காப்புக்கே போய்விடும்; ஆனால் எந்த இரண்டு டிஸ்க் செத்தாலும் ஒன்றும் ஆகாது. தேரன்று மாட வீதிகளில் கரண்ட்டை நிறுத்துவார்கள் என்பதால், அதற்கு முந்தைய வாரமே நகலெடுக்கப் போட்டேன். ஒரு பகலும் ஒரு இரவும் ஓடியது.

திரையில் ஃபைல் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் அதுவும் ஓடியது. அப்பாவை ஆஸ்பத்திரியில் எடுத்த வீடியோ. பக்கவாதத்துக்குப் பிறகு எடுத்தது.

அப்பா தமிழ் வாத்தியார். வாழ்நாள் முழுக்கப் பேசியே பிழைத்தவர். அவர் குரல் எங்களிடம் வேறு எதிலும் இல்லை. கல்யாண வீடியோக்களில் அவர் வாயசைப்பார், மேலே நாதஸ்வரம் ஓடும். இந்தப் பதினான்கு நிமிஷத்தில் குரல் இருக்கிறது, சொற்கள் இல்லை. வாய் கோணி, குழறி, எதையோ தேடி, கிடைக்காமல் கண் கலங்குகிறார். நடுவில் ஒரே ஒரு சொல் தெளிவாக வருகிறது. "எடுக்காத."

12 டெராபைட் இருந்தவரை வருஷத்துக்கு ஒரு தடவையாவது இடம் நிறையும். உட்கார்ந்து எதை வைப்பது, எதை அழிப்பது என்று பார்ப்பேன். அதையும் ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறேன், தாண்டிப் போயிருக்கிறேன். 32 டெராபைட் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டது. இனி யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை.

ஓலைச்சுவடிக் காலத்தில் இது நடக்காது. ஓலை நைந்துபோகும், நூறு இருநூறு வருஷத்துக்குள் ஒருவர் உட்கார்ந்து வரிவரியாக எழுத வேண்டும். வேண்டாததை யாரும் எழுத மாட்டார்கள். அப்படி எழுதப்படாமலே போன நல்ல நூல்களும் உண்டு, அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. உ.வே.சாமிநாதையர் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போனபோது, பழைய ஏடுகளை ஆகம முறைப்படி ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்றார்கள். மடத்தனம் என்று நாமெல்லாம் தலையில் அடித்துக்கொள்கிறோம். முதலில் பிரதி எடு, பிறகு பழையதை விடு என்பதுதான் அந்த வழக்கத்தின் பொருளாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் முதல் பாதியை மறந்தார்கள். எனக்கு இரண்டாம் பாதி வரவில்லை.

ரெய்டு பேக்கப் ஆகாது. நான் ஒன்றை அழித்தால் நான்கு டிஸ்க்கிலிருந்தும் அந்த நொடியே போய்விடும். வீடு எரிந்தால் நான்கும் எரியும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தபோது, அங்கே மட்டும் இருந்தவை அங்கேயே முடிந்தன. அதனால் இன்னொரு நகலை செங்கத்தில் இருக்கும் அக்கா வீட்டில் வைப்பது என்று முடிவு செய்து போன் பண்ணினேன்.

"அப்பாவ எடுத்தியே, அதுவும் இருக்கா?"

"எல்லாமே இருக்குக்கா."

"அவரு வேணாம்னுதானடா சொன்னாரு. நீ வச்சிக்கிறது உன் பாடு. என் வீட்டு பீரோவுல எதுக்கு?"

காஃப்கா எரிக்கச் சொன்னதை மாக்ஸ் பிராட் எரிக்கவில்லையே, 1939இல் பெட்டியில் போட்டு பிராகை விட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஏமாற்று வேலை. அந்தத் தாள்கள் காஃப்கா எழுதியவை. இது அப்பா செய்ததல்ல, அவரை வைத்து நான் செய்தது. எரிக்க மாட்டேன் என்று நண்பனிடம் நேரிலேயே சொல்லிவிட்டதாக பிராட் எழுதியிருக்கிறார். நான் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. போனைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, தொடர்ந்து எடுத்தேன்.

அக்காவுக்குப் போன டிஸ்க்கில் அது இல்லை. புதுப் பெட்டியிலும் இல்லை. கெட்ட செக்டர் வந்த அந்த மூன்றாவது டிஸ்க்கை ஃபார்மட் செய்து, அந்த ஒரு ஃபைலை மட்டும் அதில் போட்டு, அலமாரியில் வைத்திருக்கிறேன். வேறெங்கும் நகல் கிடையாது. கோழைத்தனம்தான். முடிவெடுக்க வேண்டியதை ஒரு பழுத்த டிஸ்க்கிடம் தள்ளிவிட்டேன். அக்காவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் எடுத்து மாட்டிப் பார்த்தேன். கெட்ட செக்டர் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, கூடவில்லை.